சேமி பொத்தானுக்கு அந்தப் பக்கம்

2019 நவம்பர் 22-ஆம் தேதி கடையநல்லூரில் யாரும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வீடு மாறவில்லை. ஆனாலும் ஊர் முழுக்க முகவரி மாறிவிட்டது. அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. தெரு அதேதான், கதவு எண் அதேதான், 627751 என்ற பின்கோடும் அதேதான். மாவட்டம் என்ற ஒரே வரி மட்டும் புதியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஊரில் சுமார் 90,000 பேர். வங்கி, கேஸ் பதிவு, ரயில் டிக்கெட், இன்சூரன்ஸ், துணி வாங்கும் ஆப் என்று ஆளுக்கு நாலைந்து கணக்காவது இருக்கும். அத்தனையிலும் அந்த ஒரு வரியை யாராவது திருத்த வேண்டும்.

திருத்துவது சின்ன வேலையாகத்தான் தெரிகிறது. "சுயவிவரம்" பக்கத்தைத் திறக்கிறோம், பட்டியலில் தென்காசியைத் தேர்ந்தெடுக்கிறோம், "சேமி" என்பதை அழுத்துகிறோம். "உங்கள் விவரங்கள் புதுப்பிக்கப்பட்டன" என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வருகிறது. அழுத்துவதற்கும் அந்தப் பச்சை வரிக்கும் நடுவே அரை நொடிகூட இருக்காது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த அரை நொடியைப் பற்றியது. புதிய கணக்கு தொடங்குவதைவிட இருக்கும் கணக்கைத் திருத்துவது ஆபத்தான வேலை என்பது என் கட்சி. தொடங்கும்போது இழப்பதற்கு எதுவும் இல்லை. திருத்தும்போது அங்கே ஏற்கெனவே ஒருவருடைய பெயர், பணம், உரிமை எல்லாம் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் நம் செல்போனிலிருந்து என்னதான் கிளம்பிப் போகிறது என்று பார்த்துவிடுவோம். நாம் பார்த்த வண்ணமும் எழுத்துருவும் கட்டங்களும் எதுவும் போவதில்லை. போவது சில வரி எழுத்து மட்டுமே. ஆங்கில எழுத்தில் போவதைத் தமிழில் எழுதிக் காட்டினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பேட்ச் /பயனர்கள்/4127
குக்கீ: செஷன்=ட7க்ஷ9…
பயனர்.தெரு=மெயின் பஜார் வடக்குத் தெரு
பயனர்.மாவட்டம்=தென்காசி
பயனர்.பின்கோடு=627751

முதல் வரி என்ன வேலை, எந்தக் கணக்கில் என்று சொல்கிறது. இரண்டாவது வரி, இதை அனுப்புவது யார் என்பதற்கான அடையாளக் குறி. மிச்சம் எல்லாம் மாற்ற வேண்டிய விவரம். இத்தனை வரிகளும் சேர்ந்த இந்தச் சீட்டு சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைக் கையில் வாங்கும் நிரல்பகுதிக்குத்தான் கன்ட்ரோலர் என்று பெயர்.

நார்வேக்காரரான ட்ரிக்வே ரீன்ஸ்காக் 1978-79-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது உருவான யோசனை இது. தகவலை வைத்திருப்பது மாடல், அதைத் திரையில் காட்டுவது வியூ, மனிதன் தட்டுவதையும் அழுத்துவதையும் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவது கன்ட்ரோலர் என்று மூன்றாகப் பிரித்தார். அப்போது வலையே கிடையாது. அவர் நினைத்தது ஒரே கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளை. கால் நூற்றாண்டு கழித்து, 2004-இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைத்தளக் கருவி இந்த மூன்று பிரிவை வலைத்தளங்களின் அன்றாடப் பழக்கமாக்கியது. பிறகு வந்த பல கருவிகளும் இதே பாதையில் போயின. இப்போது கன்ட்ரோலருக்கு எதிரே இருப்பது தெரிந்த ஒரு ஆள் அல்ல. உலகத்தில் எவர் வேண்டுமானாலும் எதையும் எழுதி அனுப்பலாம். தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரில் மனுவை வாங்கும் குமாஸ்தாவைப்போல, எதிரே நீட்டப்படும் தாள் எதுவானாலும் முதலில் சந்தேகப்பட்டே ஆக வேண்டிய உத்தியோகம் அதனுடையது.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வலைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு நொடி முன்பு படிவத்தை நமக்குக் கொடுத்த சர்வருக்கே, திரும்ப வரும் சீட்டு யாருடையது என்று தெரியாது. குக்கீயைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. நாம் படிவத்தில் எந்தக் கட்டங்களைக் கொடுத்தோமோ அவை மட்டும்தான் திரும்பி வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரவுசரைத் தாண்டி, கையாலேயே அந்தச் சீட்டை எழுதி அனுப்ப ஐந்து நிமிடப் பயிற்சி போதும்.

மேலே காட்டிய சீட்டில் 4127 என்ற எண்ணைப் பாருங்கள். அதை 4128 என்று மாற்றி அனுப்பினால் என்ன ஆகும்? குக்கீ செல்லும், ஆள் உள்ளே நுழைந்தவர்தான். அவசரமாக எழுதப்பட்ட கன்ட்ரோலர், "உள்ளே வந்த ஆள்தானே" என்று பார்த்துவிட்டு 4128-ஆம் கணக்கை எடுத்துத் திருத்திக் கொடுத்துவிடும். "இவர் யார்" என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு "இது இவருடையதா" என்ற கேள்வியை விட்டுவிடும் பிழை இது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால்தான் இத்தனை பேர் சறுக்குகிறார்கள்.

எவ்வளவு பெரிய இடங்களும் சறுக்கும் என்பதற்கு நம்மூர்க்காரர் ஒருவரே சாட்சி. தமிழ்நாட்டைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா 2015-இல் ஃபேஸ்புக்கின் புகைப்பட ஆல்பங்களை நீக்கும் வசதியைச் சோதித்துப் பார்த்தார். தன் ஆல்பத்தை அழிக்கச் சொல்லி மற்ற நிரல்களுக்கான வாசல் வழியாகக் கேட்டபோது முடியாது என்று பதில் வந்தது. ஃபேஸ்புக்கின் சொந்த மொபைல் ஆப் பயன்படுத்தும் அனுமதிச் சீட்டோடு கேட்டபோது ஆல்பம் அழிந்தது. அடுத்து ஆல்பத்தின் எண்ணை மட்டும் மாற்றி, வேறொரு கணக்கின் ஆல்பத்தைக் கேட்டுப் பார்த்தார். அதுவும் அழிந்தது. அவர் தெரிவித்த சில மணி நேரத்துக்குள் ஃபேஸ்புக் ஓட்டையை அடைத்து, 12,500 டாலர் பரிசும் கொடுத்தது. அனுமதிச் சீட்டு செல்லுபடியானதுதான், ஆளும் உண்மையான ஆள்தான். அந்த ஆல்பம் அந்த ஆளுடையதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பத்தாண்டு கழிந்தும் கதை மாறவில்லை. 2025-இல் இந்திய வருமான வரி இ-ஃபைலிங் தளத்தில், உள்ளே நுழைந்த ஒருவர் தன் பான் எண்ணுக்குப் பதிலாக இன்னொருவரின் பான் எண்ணைச் சீட்டில் வைத்து அனுப்பினால் அவருடைய விவரங்கள் தெரிந்துவிடும் குறை கண்டுபிடிக்கப்பட்டு, அக்டோபர் தொடக்கத்தில் சரிசெய்யப்பட்டது. வலைப் பாதுகாப்புக்கென்று இயங்கும் ஓவாஸ்ப் என்ற அமைப்பு 2019-இலும் 2023-இலும் வெளியிட்ட ஏபிஐ (நிரல்களுக்கான வாசல்) ஆபத்துப் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் இந்த ரகப் பிழைக்குத்தான்.

மருந்து எளிது. கணக்கு எண்ணைச் சீட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். குக்கீ யாரைக் காட்டுகிறதோ அவருடைய கணக்கையே எடுத்துத் திருத்தினால் போதும். சுயவிவரப் பக்கத்தின் முகவரியில் எண்ணே இல்லாமல் வெறுமனே "/கணக்கு" என்று வைக்கும் தளங்கள் இதற்காகத்தான் அப்படி வைக்கின்றன. கொடுக்காத எண்ணை யாரும் மாற்ற முடியாதல்லவா.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. குக்கீ தானாகப் போகும் சரக்கு. நாம் வேறு ஏதோ ஒரு தளத்தைத் திறந்து வைத்திருக்கும்போது, அந்தப் பக்கமே கமுக்கமாக நம் வங்கித் தளத்துக்கு ஒரு சீட்டை அனுப்பினால், அதோடு நம் குக்கீயும் ஒட்டிக்கொண்டு போகும். கன்ட்ரோலர் அதை நாம் அனுப்பியதாகவே எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, படிவத்தைக் கொடுக்கும்போதே அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரகசிய எழுத்துக்கோவையைச் செருகி அனுப்புவார்கள். திரும்பி வரும் சீட்டில் அது இருந்தால்தான் வேலை நடக்கும். 2020-இலிருந்து குரோம் பிரவுசரும் இப்படி அயல் தளங்களிலிருந்து கிளம்பும் சீட்டுகளில் குக்கீயைப் பெரும்பாலும் ஒட்டாமல் நிறுத்தி வைக்கிறது. ஆனாலும் அந்த ரகசியக் கோவையைக் கைவிட்டவர்கள் குறைவு.

ஆள் சரி, கணக்கும் அவருடையதுதான். இனி என்ன பயம் என்று நினைத்தால், இந்தத் துறையின் மிகப் பிரபலமான ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

2012 மார்ச் 4. உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைத்திருக்கும் கிட்ஹப் தளம். யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் அதற்குச் சில நாட்களுக்கு முன்பு ரெயில்ஸ் கருவியை உருவாக்குபவர்களிடம் ஒரு குறையைச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து ரெயில்ஸில் கணக்கைத் திருத்தும் கன்ட்ரோலர் பெரும்பாலும் ஒரே வரிதான்: சீட்டில் "பயனர்" என்று தொடங்கும் எல்லா விவரங்களையும் வாரி எடுத்து அப்படியே டேட்டாபேஸ் வரிசையில் நிரப்பு. எழுதுகிறவருக்கு எவ்வளவு சுகம்! பத்துக் கட்டத்துக்குப் பத்து வரி எழுத வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களை ரெயில்ஸ் சொக்க வைத்ததே இந்த மாதிரிச் சிக்கனத்தால்தான்.

ஹோமகோவ் சொன்னது இதுதான்: படிவத்தில் இல்லாத கட்டத்தையும் ஒருவர் சீட்டில் எழுதி அனுப்பலாமே, அதையும் சேர்த்துத்தானே இந்த ஒரு வரி வாரி எடுக்கும்? கணக்கு வரிசையில் "பெயர்", "தெரு" பக்கத்திலேயே "நிர்வாகியா: ஆம்/இல்லை" என்றும் ஒரு பத்தி இருக்கும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, சரி. ஆனால் சீட்டில் "பயனர்.நிர்வாகி=ஆம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால்? எந்தெந்தப் பத்திகளை இப்படி நிரப்பலாம் என்று வரையறுக்க ரெயில்ஸில் வழி இருந்தது; ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. அது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. கிட்ஹப்பே ரெயில்ஸில் எழுதப்பட்ட தளம்தான். அங்கே ஒவ்வொரு பயனரும் தன் கணினியின் பொதுச் சாவியைப் பதிந்து வைப்பார். அந்தச் சாவியோடு வருகிறவரைத் தளம் அந்தப் பயனராகவே நடத்தும். சாவியைத் திருத்தும் படிவத்தில் சாவியின் தலைப்பு, சாவி என்று கட்டங்கள் இருக்கும். டேட்டாபேஸ் வரிசையில் இன்னொரு பத்தியும் உண்டு: இந்தச் சாவி எந்தப் பயனருடையது என்ற எண். ஹோமகோவ் தன் சாவியைத் திருத்தும் சீட்டில் அந்த எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்து, ரெயில்ஸ் குழுவைச் சேர்ந்த ஒருவரின் எண்ணைப் போட்டு அனுப்பினார். கன்ட்ரோலர் வாரி எடுத்து நிரப்பியது. அந்த நொடியில் அவருடைய சாவி இன்னொருவருடைய சாவியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு ரெயில்ஸின் மூல நிரல் கிடங்குக்குள்ளேயே நுழைந்து ஒரு கோப்பைச் சேர்த்தார். அதற்கு முன்னரே, தேதிப் பத்தியையும் இதேபோல் நிரப்ப முடியும் என்று காட்ட, ஆயிரம் ஆண்டு கழித்து வரும் தேதியில் ஒரு புகாரைப் பதிந்திருந்தார். குறும்புதான். ஆனால் வாதத்தில் தோற்றவர் நிரூபித்துக் காட்டிய விதம் அது.

கிட்ஹப் அன்றே ஓட்டையை அடைத்தது, அவர் கணக்கை முடக்கியது, கெட்ட எண்ணம் இல்லை என்று கண்டபின் திரும்பக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ரெயில்ஸ் 4.0-இல் நிலைமை தலைகீழானது. கன்ட்ரோலரில் "தெரு, மாவட்டம், பின்கோடு ஆகியவற்றை மட்டும் அனுமதி" என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால் மொத்தமாக நிரப்பவே விடாது. சொல்லாத பத்தி சீட்டில் வந்தால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். லாராவெல் உள்ளிட்ட மற்ற கருவிகளிலும் இதே வகை அனுமதிப் பட்டியல்கள் உண்டு.

இந்தக் கதையில் ஹோமகோவைத் திட்டுகிறவர்களும் உண்டு, ரெயில்ஸ் குழுவைத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் திட்டுவது அந்த ஒரு வரியின் சுகத்தை. மாற்றக்கூடாதவற்றைப் பட்டியல் போட்டால், நாளைக்கு யாரோ புதிதாக "கடன் வரம்பு" என்று ஒரு பத்தி சேர்க்கும்போது பட்டியலைத் திருத்த மறந்துபோவார். மாற்றலாம் என்பவற்றைப் பட்டியல் போட்டால், மறந்தாலும் கெடுதல் வராது. அதிகபட்சம் ஒரு கட்டம் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். புகார் வரும் பிழை நல்ல பிழை.

இனி விவரம் சரியானதா என்ற சோதனை. இங்கே கன்ட்ரோலர் மாடலிடம் கேட்கிறது. விதிகள் மாடலிடம்தான் இருக்க வேண்டும். பின்கோடு ஆறு இலக்கமா, முதல் இலக்கம் பூஜ்யம் இல்லாமல் இருக்கிறதா என்பது போன்றவை எளிது. சிக்கல், விதி எழுதியவரின் உலகம் சின்னதாக இருக்கும்போது வருகிறது. 627 என்று தொடங்கும் பின்கோடு என்றால் திருநெல்வேலி என்று ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு சோதிக்கும் மாடல், கடையநல்லூர்க்காரர் 627751-உடன் தென்காசி என்று எழுதினால் "பொருந்தவில்லை" என்று சிவப்பில் காட்டும். 1972-இல் வந்த பின்கோடு தபால் பிரிப்பதற்கான எண். மாவட்ட எல்லையை நகர்த்தினால் அது கூடவே நகராது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் தபால் துறையையும் வருவாய்த் துறையையும் குழப்பிக்கொண்டவர். பட்டியலில் தென்காசியே இல்லாத படிவம் இன்னும் மோசம். உண்மையைச் சொல்ல வந்தவரைப் பொய் சொல்லவைத்து அனுப்புகிறது.

பெயர்க் கட்டம் அதற்கும் மேல். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், குடும்பப் பெயர் கிடையாது. "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று நிற்கும் படிவத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் ஒரு புள்ளியைப் போடுவார், சிலர் தங்கள் பெயரையே இரண்டு முறை எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, வளைகுடா நாட்டு விசாவில் அந்த அப்பா பெயரே ஆளைக் கூப்பிடும் பெயராகி, ஊர் வங்கியில் இனிஷியலோடு நிற்க, ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் 2010-இல், மனிதர் பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் வைத்திருக்கும் தப்பெண்ணங்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார்; எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அவற்றுள் ஒன்று. ஆதாரோ வேறு பக்கத்தில் கறார்: பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். பெயர் திருத்தத்தை எவ்வளவு தளர்த்த வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. துணிக்கடை ஆப் தன் வாடிக்கையாளரின் பெயரில் கறார் காட்ட என்ன அவசியம்?

தெருவை மாற்றுவதும் செல்போன் எண்ணை மாற்றுவதும் ஒரே படிவத்தில் இருந்தாலும் ஒரே எடை அல்ல. எண்ணை மாற்றினால் இனி பாஸ்வேர்டு மாற்றும் ஓடிபி அங்கேதான் போகும். எண்தான் கணக்கின் சாவி. கடையநல்லூர் போன்ற ஊரில் இது அன்றாடப் பிரச்சினை. சவூதிக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் சிம்மை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார்கள். "ஏல, ஓடிபி வந்துச்சா?" என்று ரியாத்திலிருந்து அண்ணன் கேட்க, "இன்னும் வரலண்ணே, டவர் இல்ல" என்று தம்பி மாடிக்கு ஓடுவது பல வீடுகளில் நடப்பதுதான்.

சிம் செத்தால் அதோடு போகாது. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நடைமுறை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இதைச் சொன்னது. 91-ஆம் நாள் அந்த எண்ணை வாங்கிய முன்பின் தெரியாத ஒருவரின் போனில் நம் பழைய கணக்கின் ஓடிபி போய் நிற்கலாம். அவர் திருடர் இல்லை. எண்ணைக் காசு கொடுத்து வாங்கியவர்.

ஆகவே நல்ல கன்ட்ரோலர் எண்ணையும் மின்னஞ்சலையும் தெருவைப்போல உடனே எழுதிவிடாது. பாஸ்வேர்டை மறுபடி கேட்கும். புதிய எண்ணைத் தனியாக "காத்திருப்பு" பத்தியில் எழுதி வைக்கும். அந்த எண்ணுக்கு அனுப்பிய ஓடிபி சரியாகத் திரும்பி வந்தபின்தான் பழையதை அகற்றும். அதே நேரத்தில் பழைய எண்ணுக்கும் பழைய மின்னஞ்சலுக்கும் "உங்கள் எண் மாற்றப்படுகிறது, நீங்கள் கேட்கவில்லை என்றால் இங்கே சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி போகும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடும் தளங்கள் ஏராளம். கணக்கைப் பறிகொடுப்பவருக்கு அதுதான் கடைசி எச்சரிக்கை மணி.

ஓடிபியைச் சரிபார்க்கும் கன்ட்ரோலரும் ஏமாறும். மறுபடி லக்ஷ்மண் முத்தையாவிடமே வருவோம். 2019-இல் இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டை மீட்கும் ஆறிலக்கக் குறியீட்டை அவர் ஆராய்ந்தார். ஆறிலக்கம் என்றால் பத்து லட்சம் சாத்தியங்கள். குறியீட்டின் ஆயுள் பத்து நிமிடம். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து முயன்றால் தளம் தடுத்தது. ஆனால் பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் அனுப்பியபோது, எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதற்குள் நிறைய சீட்டுகள் உள்ளே போய்விட்டன. 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். 5,000 முகவரிகள் இருந்தால் பத்து லட்சத்தையும் முடித்துவிடலாம். வாடகைச் சர்வர்களில் இதற்கு ஆகும் செலவு 150 டாலர் அளவில்தான் என்பது அவர் கணக்கு. இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. வருகிற சீட்டு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று எண்ணினார்களே தவிர, எந்தக் கணக்கை நோக்கி வருகிறது என்று எண்ணவில்லை என்பதே சாரம்.

"ஒரே சமயம்" என்பது தாக்குதலில் மட்டும் வருவதல்ல, அன்பான குடும்பத்திலும் வரும். அந்த அண்ணனும் தம்பியும் ஒரே கணக்கை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ரியாத்தில் படிவத்தைத் திறந்து அவசர எண்ணைத் திருத்துகிறார். அதே ஐந்து நிமிடத்தில் தம்பி கடையநல்லூரில் திறந்து மாவட்டத்தைத் தென்காசி ஆக்குகிறார். இருவர் திரையிலும் பழைய விவரங்கள். தம்பி முதலில் சேமிக்கிறார். பிறகு அண்ணன் சேமிக்கிறார். அவருடைய சீட்டில் மாவட்டம் இன்னும் திருநெல்வேலி. தம்பியின் திருத்தம் காணாமல் போயிற்று. இருவருக்குமே பச்சை வரி வந்தது, பிழை என்று எங்கும் எதுவும் பதிவாகவில்லை.

இதற்கு வழி இரண்டு. மாறிய கட்டத்தை மட்டும் அனுப்பச் செய்வது ஒன்று. வலையின் மொழியில் "புட்" என்றால் முழு வரிசையையும் இதுவாக மாற்று என்று பொருள். 2010-இல் தரப்படுத்தப்பட்ட "பேட்ச்" என்றால் இந்தப் பகுதியை மட்டும் மாற்று. ஆனால் சாதாரண வலைப் படிவம் மாறாத கட்டங்களையும் சேர்த்தே அனுப்பும். பேட்ச் என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. இன்னொரு வழியின் வேர் 1981-இல் குங்கும் ராபின்சனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. மோதல் அரிதாகத்தான் வரும் என்று நம்பி யாரையும் பூட்டிக் காக்கவைக்காமல் விடு. எழுதும் நொடியில் மட்டும் மோதியதா என்று பார். நடைமுறையில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிப்பு எண் இருக்கும். படிவத்தோடு 7 என்ற எண் போனது. சேமிக்க வரும்போது டேட்டாபேஸில் 8 இருந்தால், நடுவில் யாரோ தொட்டுவிட்டார்கள். அண்ணனுக்குப் பச்சை வரிக்குப் பதில் "இதை இப்போதுதான் வேறொருவர் திருத்தினார், பாருங்கள்" என்று வரும். விக்கிப்பீடியாவில் தொகுப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு நன்கு பழக்கமானது.

எழுதியாகிவிட்டது. பழைய மதிப்பை என்ன செய்வது? தூக்கி எறியக் கூடாது என்பேன். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் ஒரு தளம் ஊர்ப் பெயர்களை எல்லாம் மாற்றி எழுதியிருந்தால், பழைய எழுத்தைத் தனியாக வைத்திருந்தால் மட்டுமே ஒரே கட்டளையில் பின்வாங்க முடியும். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்று நான்கு பத்திகளில் ஒரு வரலாற்று அட்டவணை. அதில் எழுதலாம், திருத்த முடியாது. இன்னொன்று: சுயவிவரத்தில் முகவரியைத் திருத்தினால் மூன்று வருடத்துக்கு முந்தைய பில்லில் இருக்கும் முகவரி மாறக் கூடாது. பில் அன்றைக்கு எங்கே பொருள் போனதோ அதைத்தான் சொல்ல வேண்டும். பில் வரிசையில் முகவரியை நகலெடுத்து வைக்காமல் பயனர் வரிசையைச் சுட்டிக்காட்டி மட்டும் வைத்தவர்கள், ஜிஎஸ்டி தணிக்கை வரும்போது விழிப்பார்கள்.

கடைசியாகப் பதில். திருத்தம் வெற்றி என்றால் கன்ட்ரோலர் நேரே பக்கத்தைக் காட்டிவிடாது. "இதைப் போய்ப் பார்" என்று வேறு முகவரியைச் சுட்டும், 303 என்ற எண்ணோடு. பிரவுசர் புதிதாகக் கேட்டு வாங்கிக் காட்டும். நேரே காட்டினால், நாம் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே சீட்டு மறுபடியும் போகும், "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று பிரவுசர் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல்வி என்றால், எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்லி, தட்டிய மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் படிவத்தைத் திருப்பித் தர வேண்டும். பின்கோட்டில் ஒரு இலக்கம் விட்டுப்போனதற்காகத் தெருப் பெயரிலிருந்து முழுதும் தமிழ் விசைப்பலகையில் மறுபடி தட்டவைக்கும் தளத்தை யாரும் இரண்டாவது முறை திறக்க மாட்டார்கள். பாஸ்வேர்டு கட்டம் மட்டும் காலியாக வரும். அதைத் திருப்பி அனுப்பக் கூடாது.